தென் சீனக் கடலுக்கு வரைபடம் போடுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

2012-ஆம் ஆண்டின் இறுதியில் சீனா தன் குடிமக்களுக்கு வழங்கிய புதிய மின்னணுக் கடவுச்சீட்டின் உள்பக்கத்தில் ஒரு வரைபடம் மெல்லிய கோடுகளாக அச்சாகியிருந்தது. தென் சீனக் கடலைச் சுற்றி வளைக்கும் கோட்டுத் துண்டுகளும் அதில் இருந்தன. அந்தப் பக்கத்தில் முத்திரை குத்தினால் வரைபடத்தையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று கருதிய வியட்நாம், விசாவைத் தனித்தாளில் கொடுக்கத் தொடங்கியது. அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் சீனாவுக்குள் காட்டப்பட்டிருந்ததால், இந்தியா தன்னுடைய வரைபடம் பொறித்த விசாவை அதே கடவுச்சீட்டில் பதித்தது. ஒரு கோட்டை வரைவதும் அதற்குப் பேசாமல் இருப்பதும் அரசுகளுக்கு இவ்வளவு பொருட்படுத்த வேண்டிய செயல்கள் என்றால், அந்தக் கோட்டை நாம் நம் கணினியில் வரையும்போதும் அதே கவனம் வேண்டும்.

இக்கட்டுரை, தென் சீனக் கடல் பூசலைச் செய்திகளில் படித்து, அதைத் தாமே ஒரு வரைபடமாக வரைந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் இதழாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் உரியது. சாதாரணக் கணினி ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளும், ஓர் எக்செல் தாளும் போதும். இவற்றைவிட முக்கியமானது ஓர் ஒழுங்கு: கடலில் யார் எதைக் கேட்கிறார்கள், சட்டம் எவ்வளவு தருகிறது, இன்று அங்கே யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் மூன்று தனி அடுக்குகளாக வைத்துக்கொள்வது. நான் பார்த்த மோசமான வரைபடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒரே நிறத்தில் குழைத்தவையே.

முதற்படி: சிறிய இடத்தில் தொடங்குங்கள்

தென் சீனக் கடலின் பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பாராசெல் தீவுக்கூட்டம், ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம், ஸ்கார்பரோ திட்டு, பிராட்டாஸ் தீவு, எப்போதும் நீருக்கடியிலேயே இருக்கும் மேக்கிள்ஸ்ஃபீல்டு மேடு என்று பல பகுதிகள் உள்ளன. சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய ஆறு தரப்புகள் இவற்றின் மீதோ இவற்றைச் சூழ்ந்த நீரின் மீதோ உரிமை கோருகின்றன. இந்தோனேசியா எந்தத் திட்டையும் கேட்கவில்லை. ஆயினும் நத்துனா தீவுகளுக்கு வடக்கே உள்ள அதன் பொருளாதார மண்டலத்தைச் சீனக் கோடு உரசிச் செல்வதால், அந்தப் பகுதிக்கு 2017-இல் வட நத்துனா கடல் என்று பெயர் சூட்டியது. இத்தனையையும் முதல் நாளே ஒரே தாளில் வரையப் புகுந்தால் வரைபடமும் தெளியாது, மனமும் தெளியாது.

ஆகவே ஸ்ப்ராட்லியின் வடபகுதியில், ஒரே பார்வையில் அடங்கும் மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது தித்துத் தீவு. 1970களின் தொடக்கத்திலிருந்து பிலிப்பைன்ஸ் வசம் இருக்கிறது; மக்கள் குடியிருக்கிறார்கள்; விமான ஓடுபாதையும் உண்டு. இரண்டாவது, அதற்குத் தென்மேற்கே சுமார் 14 கடல் மைல் தொலைவில் உள்ள சூபி பவளத்திட்டு. இதன் மேல் சீனா மண் கொட்டி, ஓடுபாதையும் துறைமுகமும் கொண்ட பெரிய தளம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. மூன்றாவது, இரண்டுக்கும் இடையில், தித்துவுக்கு அருகே மேற்கில் கிடக்கும் சாண்டி கே என்னும் சிறு மணல்திட்டு. யாரும் குடியிராத, செய்தியில் எப்போதாவது மட்டுமே தலைகாட்டும் இந்த மணல்திட்டுதான் மற்ற இரண்டையும் சட்டத்தின் கண்ணில் பிணைக்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம். இந்த மூன்றும் அடங்கும் சதுரத்தைப் பிழையின்றி வரையக் கற்றவர் முழுக் கடலையும் வரையலாம்.

இரண்டாம் படி: கோட்டுக்கு முன் அட்டவணை

மென்பொருளைத் திறக்கும் முன் எக்செல் தாளைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு வரிசை. பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, உயர் ஓதத்தின்போது (அதாவது கடல் நீர் ஏறி நிற்கும் வேளையில்) நீருக்கு மேல் தெரியுமா (இயற்கை நிலைக்கு ஒன்று, இன்றைய நிலைக்கு ஒன்று), யார் வசம், யார் யார் கோருகிறார்கள், இத்தகவல் எந்த ஆவணத்திலிருந்து வந்தது, எந்த நாளின் நிலை என்பன பத்திகள். கடைசி இரண்டு பத்திகளைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாத அட்டவணையை ஆறு மாதம் கழித்து நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பெயர் விஷயத்தில் நின்று யோசியுங்கள். தித்துவைப் பிலிப்பைன்ஸ் ‘பகாசா’ என்கிறது. நம்பிக்கை என்று பொருள். சீனாவுக்கு அது ‘சோங்யே’. ஸ்ப்ராட்லியில் உள்ள இரண்டாம் தாமஸ் திட்டு பிலிப்பைன்ஸில் ‘அயுங்கின்’, சீனாவில் ‘ரென்ஆய்’, வியட்நாமில் ‘கோ மாய்’. கடலுக்கே நான்கு பெயர்கள்: சீனருக்குத் தென்கடல், வியட்நாமியருக்குக் கிழக்குக் கடல், பிலிப்பைன்ஸ் அரசு தன் பக்கத்துக்கு இட்ட பெயர் மேற்குப் பிலிப்பைன்ஸ் கடல், நான்காவது நாம் வழங்கும் பெயர். ஒரு பெயரை எழுதினாலே ஒரு தரப்பில் நிற்பதாகத் தோன்றும் இடம் இது. கடல் வரைபடங்களில் நெடுங்காலமாக வழங்கும் சர்வதேசப் பெயரை முதற்பெயராகவும், கோருவோர் வைத்த பெயர்கள் அனைத்தையும் தனித்தனிப் பத்திகளிலும் எழுதி வைப்பது நான் கைக்கொள்ளும் முறை. பின்னர் செய்தி தேடும்போது, ஒரே மோதலை மணிலா ஒரு பெயரிலும் பெய்ஜிங் இன்னொரு பெயரிலும் எழுதியிருப்பதை இந்தப் பத்திகளே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: அடிப்படை வரைபடமும் அளவும்

கரையோரத்துக்கு நேச்சுரல் எர்த் தரவும், கடலாழத்துக்கு ஜெப்கோ தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. நேச்சுரல் எர்த் சிறிய அளவுகோலுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் சூபி போன்ற பவளத்திட்டின் விளிம்பைத் தேடாதீர்கள். திட்டின் விளிம்பைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் நீங்களே புள்ளி வைத்து வரைய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் குழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் தட்டையாக்கப்பட்டவை. அம்முறையில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரங்கள் பெரிதாகத் தெரியும். நான் முதன்முதலில் 15 பாகை வடக்கே ஒரு புள்ளியைச் சுற்றி 200 கடல் மைல் வளையம் போட்டபோது, அதே தட்டைப் படத்தில் 370.4 கிலோமீட்டர் என்று கொடுத்துவிட்டேன். வளையம் அழகாக வந்தது. உண்மையில் அது 12 கிலோமீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. பாகைக் கணக்கில் வளையம் போட்டாலும் இதே கதைதான்: வடக்கு தெற்காக ஒரு பாகை 60 கடல் மைல் என்றாலும், 15 பாகை அகலாங்கில் கிழக்கு மேற்காக ஒரு பாகை சுமார் 58 கடல் மைல் மட்டுமே. 12 கிலோமீட்டர் என்பது ஒரு எண்ணெய்க் கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்பதையே மாற்றிவிடும். ஆகவே, நீங்கள் அளக்கும் புள்ளியை மையமாகக் கொண்ட சமதூரப் படமுறையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு, குறித்த தூரத்துக்குச் சுற்றிலும் வளையம் போடும் ஜியோடெசிக் பஃபர் கருவியைப் பயன்படுத்துங்கள். பரப்பளவு கணக்கிடும்போது சமபரப்புப் படமுறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சட்டம் தரும் வளையங்கள்

இதுவே இந்த வேலையின் இதயம். இங்கே அவசரம் கூடாது. 1982-இல் கையெழுத்தாகி 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, நிலத்திலிருந்துதான் கடலுரிமையை அளக்கிறது. கரையின் தாழ் ஓதக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல். 200 கடல் மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்குமான பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். கடலடித் தரைக்குக் கண்டத்திட்டு உரிமை. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.

நீரில் தலைகாட்டும் எல்லாத் திட்டும் இந்த மூன்றையும் பெறுவதில்லை. உடன்படிக்கை நான்கு வகைகளைப் பிரிக்கிறது. மனிதர் வாழவோ சொந்தப் பொருளாதாரம் நடக்கவோ இடம்கொடுக்கும் இயற்கையான தீவு முழு உரிமையும் பெறும். உயர் ஓதத்திலும் நீருக்கு மேல் நிற்கும், ஆனால் அப்படி வாழ இயலாத பாறை 12 கடல் மைல் மட்டும் பெறும். 121-ஆம் உறுப்பின் 3-ஆம் பத்தி இதைச் சொல்கிறது. தாழ் ஓதத்தில் மட்டும் தெரிந்து உயர் ஓதத்தில் மூழ்கும் திட்டு, தானாக எதையும் பெறாது. மனிதர் கட்டிய செயற்கைத் தீவு அதிகபட்சம் 500 மீட்டர் பாதுகாப்பு வளையத்தோடு நிற்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றிய 12 கடல் மைல் வட்டத்தின் பரப்பு சுமார் 1,550 சதுர கிலோமீட்டர். அதே புள்ளியைச் சுற்றிய 200 கடல் மைல் வட்டம் சுமார் 4,31,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு பாறைக்குத் தீவு என்று பெயர் வாங்க அரசுகள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன என்பது இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

தைவான் வசமுள்ள இட்டு அபா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சுமார் 1.4 கிலோமீட்டர் நீளமும் 370 மீட்டர் அகலமும் கொண்ட இது, ஸ்ப்ராட்லியின் இயற்கைத் தீவுகளில் மிகப் பெரியது. 2016-இன் தொடக்கத்தில் அன்றைய தைவான் அதிபர் மா யிங்-ஜியோ அங்கே நேரில் சென்றார். பின்னர் செய்தியாளர்களையும் அழைத்துச் சென்று, கிணற்று நீரும் விளைபயிரும் இருப்பதைக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரியில் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்த நடுவர் தீர்ப்பாயமோ, இட்டு அபா உட்பட ஸ்ப்ராட்லியின் எந்தத் திட்டுக்கும் 200 கடல் மைல் கிடையாது என்றது. சீனா வழக்கில் பங்கேற்கவில்லை, தீர்ப்பை ஏற்கவும் இல்லை, தைவானும் ஏற்கவில்லை. உங்கள் வரைபடத்தில் இட்டு அபாவுக்கு இரண்டு வளையங்களை இரண்டு அடுக்குகளில் வையுங்கள்: ‘2016 தீர்ப்பின்படி’ 12, ‘தைவானின் நிலைப்பாட்டின்படி’ 200. எதை ஏற்றிக் காட்டுகிறீர்கள் என்பதை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள்.

இப்போது நம் சதுரத்துக்கு வருவோம். சூபி, இயற்கை நிலையில் தாழ் ஓதத் திட்டு என்பது தீர்ப்பாயத்தின் முடிவு. இன்று அங்கே மூன்று கிலோமீட்டர் நீள ஓடுபாதை இருப்பது இதை மாற்றாது. கொட்டிய மண் சட்டத்தில் திட்டின் தகுதியை உயர்த்துவதில்லை. அதனால்தான் தீர்ப்பாயம் இன்றைய செயற்கைக்கோள் படங்களோடு நிற்காமல், 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை எடுத்த அளவைக் குறிப்புகளையும் பழைய மாலுமி வழிகாட்டி நூல்களையும் புரட்டி, மண் கொட்டப்படுவதற்கு முன் இந்தத் திட்டுகள் எப்படி இருந்தன என்று தேடியது. அட்டவணையில் ‘இயற்கை நிலை’ என்றும் ‘இன்றைய நிலை’ என்றும் இரண்டு பத்திகள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

அப்படியானால் சூபிக்கு வளையமே இல்லையா? இங்கேதான் சாண்டி கே உள்ளே வருகிறது. ஒரு தாழ் ஓதத் திட்டு, உயர் ஓதத்திலும் நிற்கும் ஒரு நிலத்திலிருந்து 12 கடல் மைலுக்குள் கிடந்தால், அந்த நிலத்துக்குரிய ஆட்சிக் கடலை அளக்க அத்திட்டின் தாழ் ஓதக் கோட்டையும் அடிக்கோடாக, அதாவது அளவு தொடங்கும் கோடாக, கொள்ளலாம் என்கிறது 13-ஆம் உறுப்பு. தித்துத் தீவின் புள்ளியிலிருந்து 12 கடல் மைல் வட்டம் போடுங்கள், சூபியை எட்டாது. சாண்டி கேயிலிருந்து போடுங்கள், எட்டிவிடும். ஆக, சாண்டி கே யாருக்குச் சொந்தமோ அவருடைய ஆட்சிக் கடல் சூபியைத் தாண்டியும் நீள்கிறது. சாண்டி கே யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்ப்பாயம் சொல்லவில்லை; நில உரிமை அதன் அதிகார வரம்பில் இல்லை. எனவே அந்த வளையத்துக்கு எந்த நாட்டின் நிறத்தையும் பூசாதீர்கள். கோடுபோட்ட சாம்பல் நிறம் கொடுத்து, ‘ஆட்சிக் கடல் உண்டு, உரியவர் தீர்மானமாகவில்லை, கோருவோர்: சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ்’ என்று எழுதுங்கள்.

2015 அக்டோபர் 27 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் லாசென், சூபியிலிருந்து 12 கடல் மைலுக்குள் ஊடுருவிச் சென்றது. செயற்கைத் தீவுக்கு ஆட்சிக் கடல் இல்லை என்று காட்டச் சென்றதா, அல்லது ஏதோ ஒருவருடைய ஆட்சிக் கடலில், பிற நாட்டுக் கப்பல்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் ‘தீங்கற்ற கடப்பாக’ச் சென்றதா என்று சட்ட வல்லுநரிடையே பெரிய விவாதம் எழுந்தது. சாண்டி கேயைக் குறிக்காத வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்த விவாதமே புரியாது.

இன்னொரு நுட்பம். பவளத்திட்டு ஒரு புள்ளியன்று. சூபி பல கிலோமீட்டர் நீளமுள்ள வளையம். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் ஓரங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும். கூடுமானவரை திட்டின் வெளிவிளிம்பை வரைந்து, அதிலிருந்தே பஃபர் போடுங்கள். புள்ளியிலிருந்து போட்டதாக இருந்தால் அதைக் குறிப்பில் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கோரிக்கைக் கோடுகள்

1947-இல் சீனக் குடியரசு (அன்று சீனாவை ஆண்ட, இன்று தைவானில் உள்ள அரசு) வெளியிட்ட வரைபடத்தில் பதினொரு கோட்டுத் துண்டுகள் இருந்தன. 1950களில் மக்கள் சீனம் டோன்கின் வளைகுடாவில் இருந்த இரண்டை நீக்கியது. ஒன்பது துண்டுகள் கொண்ட படம், 2009 மே 7 அன்று ஐ.நா. பொதுச்செயலாளருக்கு அனுப்பிய குறிப்போடு இணைக்கப்பட்டது. முந்தைய நாள் மலேசியாவும் வியட்நாமும் கூட்டாகத் தாக்கல் செய்த கண்டத்திட்டு விண்ணப்பத்துக்கு எதிர்ப்பாக வந்தது அது. 2023 ஆகஸ்டில் வெளியான ‘தரநிலை வரைபட’த்தில் தைவானுக்குக் கிழக்கே உள்ளதையும் சேர்த்துப் பத்துத் துண்டுகள். ஒவ்வொன்றையும் அதன் ஆண்டோடு தனி அடுக்காக வையுங்கள்.

இந்தத் துண்டுகளுக்குச் சீனா ஆயத்தொலைகளை, அதாவது அகலாங்கு நெட்டாங்கு எண்களை, வெளியிட்டதில்லை. நாம் செய்யக்கூடியது, 2009 படத்தை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, ஹைனான், லூசோன், போர்னியோ கரைகளில் தெளிவாகத் தெரியும் முனைகளைப் பொருத்தி, துண்டுகளின் மேல் கோடு இழுப்பது மட்டுமே. அச்சில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு கடலில் பல கிலோமீட்டர் அகலம். ஆகவே அதைக் கூர்மையான ஒற்றைக் கோடாக வரையாமல், அகலமான வெளிறிய பட்டையாக வரைவதே நேர்மை. துண்டுகளுக்கு இடையிலான வெளியை நீங்களாக இணைத்து மூடிய வேலியாக்கிவிடாதீர்கள். பல இதழ்களில் அப்படி வருகிறது. சீனாகூடத் தன் ஆவணத்தில் செய்யாத வேலை அது. 2016 தீர்ப்பு, இக்கோட்டுக்குள் உள்ள வளங்களின் மேல் வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை என்றது. அந்த வாக்கியம் கோட்டின் விளக்கக் குறிப்பில் இடம்பெற வேண்டும். கோட்டை அழித்துவிடக் கூடாது.

ஆயத்தொலை உள்ள கோடு எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள, நமக்குத் தெரிந்த நீரிலேயே ஓர் பயிற்சி செய்யலாம். பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தம் ஆறு புள்ளிகளை அகலாங்கு நெட்டாங்கோடு தருகிறது. அவற்றை உள்ளிட்டால் கச்சத்தீவு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பத்து நிமிடத்தில் கண்ணால் காணலாம். அந்த ஒப்பந்தத்தை நீங்கள் நியாயம் என்று கருதினாலும் இல்லையென்றாலும், கோடு எங்கே ஓடுகிறது என்பதில் ஐயமில்லை. அதேபோல் டோன்கின் வளைகுடாவில் சீனாவும் வியட்நாமும் 2000-இல் 21 புள்ளிகளால் ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. இப்படி உடன்பட்ட எல்லைகளை முழுக்கோடாகவும், ஒருதலைக் கோரிக்கைகளை முறிகோடாகவும் காட்டுங்கள்.

மற்ற நாடுகளின் ஆவணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ராட்லியில் பிலிப்பைன்ஸ் கோரும் கலயான் பகுதிக்கான 1978 ஆணை, 2009-இன் அடிக்கோட்டுச் சட்டம், 2024 நவம்பரில் கையெழுத்தான கடல் மண்டலச் சட்டம். மலேசியாவின் 1979 வரைபடம். பாராசெலைச் சுற்றிச் சீனா 1996-இல் அறிவித்த நேர் அடிக்கோடுகளும் ஸ்கார்பரோவைச் சுற்றி 2024 நவம்பரில் அறிவித்தவையும். வியட்நாம் இரு தீவுக்கூட்டங்களையும் முழுமையாகக் கோருகிறது. பொருளாதார மண்டல எல்லைகள் ஆயத்தக் கோப்புகளாகவும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை இறக்கியவுடன் பயன்படுத்தாமல் ஒவ்வொரு கோட்டின் பண்புப் பத்தியையும் திறந்து, அது ஒப்பந்தமா, தயாரித்தவர் கணித்த நடுக்கோடா, ஒரு நாட்டின் தனிக் கோரிக்கையா என்று பாருங்கள்.

ஆறாம் படி: யார் அங்கே இருக்கிறார்கள்

பாராசெல் முழுவதும் 1974 ஜனவரி மோதலுக்குப் பின் சீனாவின் கையில் உள்ளது. ஸ்ப்ராட்லியில் மிகுதியான திட்டுகளை வியட்நாம் வைத்திருக்கிறது; பிலிப்பைன்ஸ் 9, சீனா 7, மலேசியா 5, தைவான் 1. புருனே எதையும் வைத்திருக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து பலத்தை எடைபோடாதீர்கள்: சீனாவின் ஏழு திட்டுகளில் 2013-க்கும் 2015-க்கும் இடையே சுமார் 1,300 ஹெக்டேர் நிலம் உருவாக்கப்பட்டது, சூபி, மிஸ்சிஃப், ஃபையரி கிராஸ் மூன்றிலும் போர் விமானம் இறங்கும் ஓடுபாதைகள் உள்ளன. வியட்நாமும் 2021-லிருந்து தன் திட்டுகளில் பெருமளவு மண் கொட்டி வருகிறது.

இதைச் செயற்கைக்கோள் படத்தில் நீங்களே பார்க்கலாம். சென்டினல்-2 படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டர். ஆனால் முதல் சென்டினல்-2 விண்ணில் ஏறியது 2015 ஜூனில். அதற்குள் மண் கொட்டும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ‘முன்’ படத்துக்கு லேண்ட்சாட் தொகுப்புக்குப் போக வேண்டும். அதன் படப்புள்ளி 30 மீட்டர். இரண்டையும் அருகருகே வைக்கும்போது இந்தத் தெளிவு வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள். 1999-இல் பிலிப்பைன்ஸ் இரண்டாம் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாட்ரே கப்பல் சுமார் 100 மீட்டர் நீளம். சென்டினல் படத்தில் அது பத்துப் படப்புள்ளிகள், பச்சை நீரின் விளிம்பில் துருவேறிய ஒரு கோடு. அந்தப் பத்துப் புள்ளிகளுக்குள் வீரர்கள் முறைவைத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசியும் குடிநீரும் கொண்டுபோகும் படகுகளைச் சுற்றியே அண்மைய ஆண்டுகளின் மோதல்கள் பெரும்பாலும் நடந்திருக்கின்றன.

கப்பல்களின் நடமாட்டத்துக்கு ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளச் சமிக்ஞை உதவும். ஒவ்வொரு கப்பலின் ஒன்பது இலக்க எண்ணிலும் முதல் மூன்று இலக்கம் கொடி நாட்டைச் சொல்லும்: சீனா 412 முதல் 414 வரை, பிலிப்பைன்ஸ் 548, வியட்நாம் 574, மலேசியா 533. ஆனால் சிறு மீன்பிடிப் படகுகளில் இக்கருவி பெரும்பாலும் இருப்பதில்லை. ரோந்துக் கப்பல்களும் வேண்டும்போது அணைத்துவிடுகின்றன. எனவே ஏஐஎஸ் படத்தில் வெறுமையாகத் தெரியும் கடல் வெறுமையான கடல் என்று பொருளாகாது. 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் சுமார் 220 சீனப் படகுகள் ஒன்றோடொன்று கட்டி நின்றதாகப் பிலிப்பைன்ஸ் அறிவித்தது. அத்தகைய கூட்டத்தை உறுதிசெய்ய, மேகத்தையும் இரவையும் ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படமே ஏற்றது. அதில் இரும்பு உடல்கள் கருநீரில் வெண்புள்ளிகளாக ஒளிரும்.

ஏழாம் படி: நிகழ்வுகளை இடத்தில் பொருத்துதல்

நிகழ்வுகளுக்குத் தனி அட்டவணை வேண்டும்: நாள், இடம், இடத்தின் துல்லியம், என்ன நடந்தது, ஒரு தரப்பின் கூற்று, மறுதரப்பின் கூற்று. 1988 மார்ச் 14 அன்று ஜான்சன் தெற்குத் திட்டில் சீனப் படையோடு நடந்த மோதலில் 64 வியட்நாமிய வீரர்கள் உயிரிழந்தார்கள். அதன் இடம் தெளிவானது, புள்ளியாக வைக்கலாம். 2014 மே மாதம் பாராசெலுக்குத் தெற்கே சீனா நிறுத்திய எண்ணெய் துளை மேடை ஜூலையில் விலகியது. அதைத் தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட நிகழ்வாகப் பதியுங்கள். 2024 ஜூன் 17 அன்று இரண்டாம் தாமஸ் திட்டருகே சீனக் கடலோரக் காவலர்களோடு நடந்த கைகலப்பில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். இதில் யார் யாரை முதலில் மோதினார்கள் என்பதில் இரு அரசுகளும் நேர்மாறாகப் பேசின. இரண்டையும் எழுதுங்கள், விரலிழப்பையும் எழுதுங்கள்.

செய்தி ‘அருகே’ என்று மட்டும் சொன்னால் கூர்மையான புள்ளி வைக்காதீர்கள். ஐயத்தின் அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். வரைபடத்தில் வைத்த புள்ளியைப் பார்ப்பவர் அதை அளந்த உண்மையாகவே எடுத்துக்கொள்வார். மீனவர்களின் கூற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ், வியட்நாம், சீனா என்று பல நாட்டு மீனவர்கள் தலைமுறைகளாக மீன்பிடித்து வந்திருக்கிறார்கள். 2016 தீர்ப்பும் அந்த மரபுரிமையை ஏற்றது. பாக் நீரிணையின் இரு கரைகளையும் அறிந்தவர்களுக்கு, வரைபடக் கோட்டுக்கும் வலை வீசும் வழக்கத்துக்கும் உள்ள பிணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: வெளியிடும் முன்

நிறங்களைக் கவனியுங்கள். சீனாவுக்குக் கடுஞ்சிவப்பும் மற்றவர்க்கு மென்னீலமும் கொடுத்தால் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும். ஒரே அடர்த்தியுள்ள நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். உரிமைகோரலுக்குக் கோடு, சட்ட வளையத்துக்கு வெளிறிய நிரப்பு, நேரடி இருப்புக்குப் புள்ளிக் குறி என்று மூன்றுக்கும் மூன்று வகைக் குறியீடுகள் இருக்கட்டும். நிறக்குருடு உள்ளவர்களும் படிக்குமாறு கோட்டின் வடிவிலும் வேறுபாடு காட்டுங்கள். ஓரத்தில் ‘இந்த நாளின் நிலை’ என்று தேதி போடுங்கள்.

பிறகு புதிய செய்தி வரும்போது எந்த அடுக்கு மாறுகிறது, எது மாறவில்லை என்று பாருங்கள். 2025 ஏப்ரல் இறுதியில், சாண்டி கேயில் சீனக் கடலோரக் காவலர்கள் இறங்கிக் கொடி பிடித்து நிற்கும் படத்தைச் சீன அரசுத் தொலைக்காட்சி வெளியிட்டது. சில நாட்களில் பிலிப்பைன்ஸ் காவலர்களும் ரப்பர் படகுகளில் சென்று அதே மணலில் தங்கள் கொடியை விரித்துப் படமெடுத்தார்கள். அங்கே சீனர் யாரும் நிலையாக இல்லை என்றும் அறிவித்தார்கள். அன்று என் கோப்பில் நான் மாற்றியது நிகழ்வு அட்டவணையில் இரண்டு வரிசைகள் மட்டும்: இரண்டு நாள், இரண்டு கூற்று. இருப்பு அடுக்கில் சாண்டி கேயின் பத்தி ‘யாரும் இல்லை’ என்றே நின்றது. 12 கடல் மைல் வளையம் அதே சாம்பல் நிறத்தில், அதே நான்கு பெயர்களோடு இருக்கிறது.